கீரை விளைந்த மண்ணில் ஓட்டு விளைந்த கதை

ஒன்றே முக்கால் டாலர். 1963-ல் டெக்சஸ் மாநிலத்தில் ஒருவர் ஓட்டுப் போட வேண்டுமென்றால் முதலில் இந்தப் பணத்தைக் கட்டி ரசீது வாங்க வேண்டும். தேர்தல் எந்த மாதத்தில் வந்தாலும் ஜனவரி 31-க்குள் கட்டியாக வேண்டும். அதுவும் வருடாவருடம். வயல் கூலிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே பொருந்தாத காலம் அது. கணவனும் மனைவியும் ஓட்டுப் போட நினைத்தால் மூன்றரை டாலர். பிள்ளைகளோடு சேர்ந்து குனிந்து கீரை அறுத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை இல்லை.

அந்த ஆண்டு, மெக்சிகோ எல்லைக்கு அருகே கிரிஸ்டல் சிட்டி என்ற சின்ன ஊரில், மெக்சிகோ வம்சாவளி மக்கள் தெருத்தெருவாகப் போய் இந்த வரியைக் கட்ட வைத்தார்கள். கையில் காசில்லாதவர்களுக்காகத் தமாலே விற்றும் நடனக் கூட்டங்கள் நடத்தியும் பணம் திரட்டினார்கள். டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கமும், பாஸோ என்று அழைக்கப்பட்ட ஸ்பானிய மொழியினர் அரசியல் சங்கமும் துணை நின்றன. ஏப்ரலில் தேர்தல் வந்தது. நகரசபையின் ஐந்து இடங்களுக்கும் ஐந்து மெக்சிகோ வம்சாவளியினர் போட்டியிட்டு ஐந்தையும் வென்றார்கள். ஹுவான் கொர்னேஹோ என்ற தொழிற்சங்கக்காரர் மேயரானார். உள்ளூர்க்காரர்கள் அவர்களை இன்றும் ‘லோஸ் சின்கோ’ என்கிறார்கள், அந்த ஐவர் என்று.

மக்கள்தொகையில் பெரும்பான்மை, ஆட்சியில் யாருமில்லை என்ற நிலை தென் டெக்சஸ் ஊர்களில் சாதாரணம். அதை முதன்முதலில் ஒரே அடியில் புரட்டிப்போட்ட ஊர் இது. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்பவர்கள் சுமார் 6,350 பேர். இவ்வளவு சின்ன ஊருக்குள் அமெரிக்காவின் நிலம், நீர், கூலி, சிறை, ஓட்டு ஆகிய ஐந்தின் வரலாறும் இருக்கிறது. இந்த மக்கள் ஓட்டை வென்றார்கள். அந்த வெற்றி பெரியது. ஆனால் ஓட்டு கைக்கு வந்த பிறகும் நிலமும் எரிவாயுவும் ஆலையும் வேறெங்கோ இருந்தவர்களின் கையிலேயே இருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் கிரிஸ்டல் சிட்டியின் கதையைச் சொல்ல முடியாது.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

சான் ஆன்டோனியோவிலிருந்து தென்மேற்கே சாலை வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர். ஊரிலிருந்து மேற்கே மெக்சிகோ எல்லையான ரியோ கிராண்டே ஆறு, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஊர் இருக்கும் ஸவாலா மாவட்டத்தின் வழியே நியூசெஸ் ஆறு ஓடி, வெகுதூரம் வளைந்து, கார்பஸ் கிறிஸ்டி அருகே மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. இந்த இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்துக்காகத்தான் 1846-ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் போரில் இறங்கின. எல்லை ரியோ கிராண்டே என்றது டெக்சஸ். நியூசெஸ்தான் எல்லை என்றது மெக்சிகோ. 1848-ல் குவாதலூப்பே ஹிடால்கோ ஒப்பந்தம் ரியோ கிராண்டேவை எல்லையாக்கியது. அதுவரை மெக்சிகோக்காரர்களாகத் தங்களை எண்ணியிருந்த குடும்பங்கள் ஓரடிகூட நகராமல் வேறொரு நாட்டுக்குள் வந்து சேர்ந்தன.

மாவட்டத்தின் பெயரிலேயே அந்தச் சிக்கல் இருக்கிறது. லொரென்ஸோ தெ ஸவாலா யுகத்தானில் பிறந்த மெக்சிகோ அரசியல்வாதி. 1836-ல் டெக்சஸ் தனிக் குடியரசானபோது அதன் முதல் துணைக் குடியரசுத் தலைவர் அவர்தான். டெக்சஸைப் பெற்றெடுத்தவர்களில் ஒருவராக ஒரு மெக்சிகோக்காரரைப் போற்றிப் பெயர் வைத்த மாவட்டத்தில், அவருடைய இனத்தார் மாவட்ட நிர்வாகத்துக்குள் நுழைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

முட்செடிகளின் நாடு இது. மெஸ்கீட், வீசாச்சே, சப்பாத்திக்கள்ளி. நம் ஊர்களில் சீமைக் கருவேலமாக வந்து பரவியிருக்கும் மரத்தின் நெருங்கிய உறவுதான் இந்த மெஸ்கீட். ஆண்டு மழை 55 சென்டிமீட்டர் வந்தால் நல்ல வருடம். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று நீண்ட காலம் விட்டுவைத்திருந்த நிலம். நிலைமையை மாற்றியது அடியில் கிடந்த தண்ணீர். காரிஸோ மணற்பாறை என்ற நீர்ப்படுகை இந்தப் பகுதிக்குக் கீழே சரிந்து செல்கிறது. மேட்டில் உள்வாங்கிய மழைநீர் பாறை இடுக்கில் அழுத்தத்தோடு தேங்கி நிற்கும். துளை போட்டால் போதும், பம்பு இல்லாமலே பீறிட்டு மேலே வரும். பக்கத்து டிம்மிட் மாவட்டத்தில் 1884-ல் முதல் பீறுகிணறு தோண்டப்பட்டது.

1905-ல் நில வியாபாரிகளான கார்ல் குரூஸும் ஈ. ஜே. பக்கிங்ஹாமும் ‘கிராஸ் எஸ்’ என்ற மாட்டுப் பண்ணையை வாங்கினார்கள். பண்ணையைச் சிறு வயல்களாகக் கூறுபோட்டு, நடுவே ஊருக்கு மனை பிரித்தார்கள். தண்ணீரின் தெளிவைக் கொண்டு ஊருக்குப் பெயர் வைத்தார்கள். வடக்கத்தியக் குடும்பங்களுக்குக் குளிர்காலத்திலும் பயிர் விளையும் பூமி என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ரயில் வந்தது. 1910-ல் நகராட்சி அந்தஸ்து கிடைத்தது. 1928-ல் மாவட்டத் தலைநகரும் ஆனது. விளம்பரம் பொய்யில்லை. வடக்கே பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் இங்கே வெங்காயமும் பாலக்கீரையும் தளதளவென்று நின்றன. இந்த நான்கைந்து மாவட்டங்களுக்கு ‘குளிர்காலத் தோட்டம்’ என்றே பெயர் விழுந்தது.

கீரை அறுத்த கைகள்

முட்காட்டை வெட்டித் திருத்தியது யார்? 1910-ல் மெக்சிகோவில் புரட்சி வெடித்ததும் எல்லை தாண்டி வந்த ஏழைக் குடும்பங்கள். நிலத்தைச் சீர்செய்ததும் வாய்க்கால் வெட்டியதும் விதைத்ததும் அறுத்ததும் அவர்கள். ஊரின் ஓரத்தில் ‘மெஹிக்கோ சீக்கோ’, ‘மெஹிக்கோ கிராண்டே’ என்று, சின்ன மெக்சிகோ பெரிய மெக்சிகோ என்ற பொருளில், அவர்களுடைய சேரிகள் எழுந்தன. மண் தெரு, வெளிக் கழிப்பறை. ஆங்கிலோக்கள் என்று அழைக்கப்படும் வெள்ளையர் குடியிருப்பில் தார்ச்சாலை, குடிநீர்க் குழாய். பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி.

பாலக்கீரை இலையுதிர்காலத்தில் விதைத்து மார்ச் வரை அறுக்கும் பயிர். கத்தியால் வேரோடு ஒட்டி வெட்டி, புஷல் கூடையில் நிரப்பி, கூடைக்கு இவ்வளவு என்று கூலி. ஐஸ் அடைத்த ரயில் பெட்டிகளில் அது சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போகும். மார்ச் முடிந்தால் வேலை முடிந்தது. குடும்பம் குடும்பமாக லாரியில் ஏறி மின்னசோட்டா, வடக்கு டகோட்டா, விஸ்கான்சின் என்று சர்க்கரைப் பீட்ரூட் வயல்களுக்குப் புறப்படுவார்கள். இலையுதிர்காலம் வரை அங்கே களையெடுப்பு, அறுவடை. பிறகு திரும்பி வந்து மறுபடி கீரை. பிள்ளைகள் பள்ளி ஆண்டின் இரு முனையையும் இழந்தார்கள். 1938-ல் அமெரிக்க அரசின் வேலைத் திட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர் செல்டன் மெனிஃபீ இந்த ஊரின் 300 குடும்பங்களை நேரில் விசாரித்து எழுதிய அறிக்கை 1941-ல் வெளிவந்தது. புலம்பெயர் கூலிகளைப் பற்றிய அந்தக் காலத்து ஆவணங்களில் முக்கியமானது அது.

கார்ட்டூன் மாலுமி பாப்பாய் 1929-ல் பத்திரிகையில் தோன்றி, கீரை டப்பாவைத் திறந்து வாயில் கொட்டிக்கொண்டு எதிரிகளைத் துவைத்தெடுத்தபோது, கீரை விவசாயிகள் அவனைத் தங்கள் குலதெய்வமாகவே கொண்டாடினார்கள். 1936-ல் கிரிஸ்டல் சிட்டியில் கீரைத் திருவிழா. 1937 மார்ச்சில் பாப்பாய்க்குச் சிலை. அவனைப் படைத்த ஈ. சி. சீகர் வாழ்த்து அனுப்பினார். ‘உலகக் கீரைத் தலைநகர்’ என்று ஊர் தன்னை அறிவித்துக்கொண்டது. சிலை இன்றும் நகர மன்றத்தின் அருகே நிற்கிறது. 1945-ல் கலிபோர்னியாவின் பெரிய நிறுவனம் ஒன்று இங்கிருந்த ஆலையை எடுத்து டெல் மான்டே டப்பாக்களில் கீரை அடைக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் 1963-ன் தேர்தலுக்கு அடித்தளமிட்ட டீம்ஸ்டர்ஸ் சங்கக் கிளை இந்த ஆலைக்குள் பிறந்ததுதான்.

கூலிக்குடில்களைச் சுற்றி எழுந்த வேலி

ஊர் எல்லையில் புலம்பெயர் கூலிகளுக்காக அரசு கட்டிய குடியிருப்பு ஒன்று இருந்தது. 1942-ல் குடியேற்றத்துறை அதை எடுத்துக்கொண்டது. சுற்றிலும் பத்தடி உயர முள்வேலி, காவல் கோபுரங்கள், இரவு முழுக்க விளக்கு வெள்ளம். டிசம்பரில் முதல் ஜெர்மானியக் குடும்பங்கள் வந்தன. 1943 மார்ச்சில் ஜப்பானியர்கள் வந்தார்கள். இத்தாலியர்கள் சிலரும் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குடும்பங்களை ஒன்றாக அடைத்து வைக்க அமெரிக்கக் குடியேற்றத்துறை நடத்திய பெரிய முகாம் இதுதான். 1944 டிசம்பர் கடைசியில் உள்ளே இருந்தவர்கள் 3,374 பேர்.

முகாமின் சட்ட அடிப்படை 1798-ல் இயற்றிய ‘பகைநாட்டு அந்நியர் சட்டம்’. போர்க்காலத்தில் எதிரி நாட்டுக் குடிமக்களை விசாரணையின்றிப் பிடித்து வைக்க அது குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. ஜப்பானிலிருந்து வந்தவர்கள் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடியுரிமை பெற 1952 வரை சட்டம் இடம் தரவில்லை. குடியுரிமையைக் கொடுக்காமல் மறுத்துவிட்டு, குடிமகனில்லை என்ற காரணத்தைச் சொல்லியே அடைத்தார்கள். தகப்பனைப் பார்க்க வேண்டுமானால் தாயும் பிள்ளைகளும் ‘விரும்பி’ உள்ளே வரலாம் என்றார்கள். அப்படி வந்த பிள்ளைகளில் ஏராளமானோர் அமெரிக்க மண்ணில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள்.

ஜோசப் ஓ’ரூர்க் என்ற அதிகாரி முகாமை நடத்தினார். ஜெனீவா ஒப்பந்தம் கவனத்தில் இருந்தது. எதிரி நாடுகளில் அமெரிக்கர்களும் கைதிகளாக இருந்தார்களே. ஆகவே உள்ளே மருத்துவமனை இருந்தது. ஆங்கிலப் பள்ளி, ஜெர்மன் பள்ளி, ஜப்பானியப் பள்ளி என்று மூன்று வகைப் பள்ளிகள் இருந்தன. வேலை செய்தவர்களுக்கு மணிக்கு 10 சென்ட். பாசனத் தொட்டி ஒன்றைக் கைதிகளே உழைத்துப் பெரிய வட்டமான நீச்சல் குளமாக மாற்றினார்கள். தென் டெக்சஸ் வெயிலில் பிள்ளைகளுக்கு அது ஒன்றே ஆறுதல். 1944-ல் பெருவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜப்பானியச் சிறுமிகள் இருவர் அதில் மூழ்கி இறந்தார்கள். குளத்தின் சிமென்ட் வட்டம் இன்றும் அந்த நிலத்தில் இருக்கிறது. முகாமின் எச்சங்களில் கண்ணால் பார்க்கக்கூடிய பெரியது அதுவே.

பெருவிலிருந்து ஏன் ஜப்பானியர்கள் வந்தார்கள்? இந்த முகாமின் கதையில் என்னை மிகவும் கோபப்படுத்தும் பகுதி இது. ஜப்பானின் பிடியில் இருந்த அமெரிக்கர்களை மீட்க, மாற்றாகக் கொடுக்க அமெரிக்காவுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளோடு பேசி, அங்கே கடை வைத்தும் விவசாயம் செய்தும் வாழ்ந்த சுமார் 2,200 ஜப்பானியர்களைப் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் பெருவைச் சேர்ந்தவர்கள். வழியில் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கரையில் இறங்கியதும், உரிய ஆவணங்கள் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவர்கள் என்று பதிவு செய்தார்கள்.

கைதிப் பரிமாற்றம் ஒன்று நடந்தது நம் நாட்டுக் கரையில். 1943 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ‘கிரிப்ஸ்ஹோம்’ என்ற ஸ்வீடன் கப்பல், கிரிஸ்டல் சிட்டியிலிருந்து சென்றவர்கள் உட்பட ஜப்பானியர்களை ஏற்றிக்கொண்டு, அக்டோபரில் கோவாவின் மர்மகோவா துறைமுகத்தை அடைந்தது. போர்ச்சுகல் நடுநிலை நாடு. கோவா அதன் ஆட்சியில் இருந்தது. எதிர்த் திசையிலிருந்து ‘தெயா மாரு’ என்ற ஜப்பானியக் கப்பல் அமெரிக்கர்களோடும் கனடாக்காரர்களோடும் வந்து நின்றது. பக்கத்துக்குச் சுமார் 1,500 பேர். கப்பல் மாறினார்கள்.

ஆர்ட் ஷிபயாமா லிமா நகரில் 1930-ல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பெற்றோரோடும் உடன்பிறந்தவர்களோடும் கிரிஸ்டல் சிட்டிக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய தாத்தாவும் பாட்டியும் பரிமாற்றத்தில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார்கள். பேரன் அவர்களைப் பிறகு பார்க்கவேயில்லை. போர் முடிந்தும் பெரு திரும்ப ஏற்றுக்கொள்ள மறுத்தது. அமெரிக்கா நாடு கடத்தப் பார்த்தது. சான் பிரான்சிஸ்கோ வழக்கறிஞர் வெய்ன் காலின்ஸ் நீதிமன்றத்தில் போராடித்தான் பெரு ஜப்பானியர்கள் நூற்றுக்கணக்கானோர் தங்க முடிந்தது. முகாம் மூடப்பட்டது 1948 பிப்ரவரியில். போர் முடிந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து! சட்டவிரோதமாக வந்தவர் என்று முத்திரை குத்தப்பட்ட அதே ஷிபயாமாவை 1952-ல் அமெரிக்க ராணுவம் கட்டாயச் சேவைக்கு அழைத்துக்கொண்டது.

1988-ல் ஜப்பானிய அமெரிக்கர்களிடம் அரசு மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டவர்களுக்கு அது கிடையாது. அவர்கள்தான் ‘சட்டப்படி’ வந்தவர்கள் இல்லையே. 1998-ல் ஒரு வழக்கின் சமரசமாக 5,000 டாலர் தர முன்வந்தார்கள். ஷிபயாமா வாங்க மறுத்துவிட்டார். அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். 2018-ல் அவர் இறந்தார். 2020-ல் வெளிவந்த ஆணையத்தின் முடிவு, அமெரிக்கா அவருடைய உரிமைகளை மீறியது என்றது.

முகாம் நிலம் பின்னர் நகராட்சிக்கும் பள்ளி வாரியத்துக்கும் கைமாறியது. பழைய கைதிகள் 1985-ல் அங்கே ஒரு கருங்கல் நினைவுச் சின்னம் வைத்தார்கள். 2019 மார்ச்சில் அந்தத் தலைமுறையினரும் அவர்களுடைய பிள்ளைகளும் கிரிஸ்டல் சிட்டிக்கு வந்து அஞ்சலி செலுத்திவிட்டு, அங்கிருந்து 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டில்லி என்ற ஊருக்குப் போனார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து புகலிடம் தேடி வந்த தாய்மார்களையும் பிள்ளைகளையும் அடைத்து வைத்திருந்த தடுப்பு மையத்தின் வேலியில் ஆயிரக்கணக்கான காகிதக் கொக்குகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த மையம் 2024-ல் மூடப்பட்டு 2025-ல் மறுபடி திறக்கப்பட்டது.

எண்ணிக்கை மட்டும் போதவில்லை

1963-ன் ஐவருக்கு ஆட்சி எளிதாக இல்லை. டெக்சஸ் ரேஞ்சர் படையின் கேப்டன் ஏ. ஒய். ஆலி தேர்தலுக்கு முன்பே ஊரில் வந்து முகாமிட்டிருந்தார். அவர் தன்னை அடித்ததாக மேயர் கொர்னேஹோ வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். ஐவரும் அதிகம் படிக்காதவர்கள், நிர்வாகம் புதிது, அவர்களில் சிலருக்குப் பிழைப்பே போனது, உள்ளுக்குள் சண்டையும் வந்தது. 1965 தேர்தலில் தோற்றார்கள். ஆனால் முடியும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. 1963 தேர்தலில் மேடையேறிப் பேசிய இளைஞர்களில் ஒருவர் ஹோசே ஆன்ஹெல் குட்டியெரஸ். 1944-ல் இதே ஊரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். 1967-ல் சான் ஆன்டோனியோவில் நண்பர்களோடு ‘மாயோ’ என்ற இளைஞர் அமைப்பைத் தொடங்கிவிட்டு, 1969-ல் மனைவி லூஸ் உடன் ஊர் திரும்பினார்.

அந்த நேரத்தில் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிரச்சினை புகைந்துகொண்டிருந்தது. கால்பந்து ஆட்டத்தில் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் சியர்லீடர் பெண்களை ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பார்கள். நான்கு பேரில் ஒருவர்தான் மெக்சிகோ வம்சாவளியாக இருப்பார். பள்ளியிலோ பெரும்பான்மை மாணவர்கள் அவர்களே. டயானா பலாசியோஸ் என்ற மாணவி நன்றாக ஆடியும் இடம் கிடைக்கவில்லை. பிறகு பள்ளி விழா ராணியாகப் போட்டியிட, பெற்றோரில் ஒருவராவது இதே பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டும் என்று பழைய மாணவர் சங்கம் விதி போட்டது. பீட்ரூட் வயலுக்கும் கீரை வயலுக்கும் அலைந்த எத்தனை பெற்றோரால் பள்ளி முடித்திருக்க முடியும்? வெளியே பார்ப்பவருக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு, ‘உன் அம்மா கூலிக்காரி, ஆகவே நீ மேடை ஏறக்கூடாது’ என்று எழுத்தில் சொல்லும் விதி அது.

செவெரீட்டா லாரா என்ற மாணவி துண்டறிக்கை விநியோகித்தார். இடைநீக்கம் செய்தார்கள். கோரிக்கைப் பட்டியலைப் பள்ளி வாரியம் கேட்க மறுத்தது. 1969 டிசம்பர் 9-ஆம் தேதி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். அடுத்தடுத்த நாட்களில் நடுநிலைப் பள்ளி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து, வெளியே நின்றவர்கள் சுமார் 1,700 பேர் ஆனார்கள். மாநில அரசு பள்ளிக்குப் பணம் தருவது வருகைப் பதிவேட்டைப் பார்த்து. பிள்ளை வராத ஒவ்வொரு நாளும் பள்ளிக்கு நஷ்டம். போராட்டத்தின் பிடி அங்கே இருந்தது. லாரா, மாரியோ ட்ரெவீனியோ உள்ளிட்ட மாணவர்கள் வாஷிங்டனுக்குப் பறந்து செனட்டர் ரால்ஃப் யார்பரோவைச் சந்தித்தார்கள். மத்திய நீதித்துறை சமரசக்காரர்களை அனுப்பியது. விடுமுறை நாட்களில் வெளியூர் ஆசிரியர்கள் வந்து, போராடும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுத்தார்கள். பாடம் போய்விடும் என்ற மிரட்டல் பலிக்கவில்லை. ஜனவரியில் வாரியம் இறங்கி வந்தது. சியர்லீடர்களை மாணவர்களே தேர்ந்தெடுப்பது, இருமொழிக் கல்வி, மெக்சிகோ வரலாற்றுக்கும் பாடத்தில் இடம், பழிவாங்கல் கிடையாது.

அந்தச் சூடு ஆறுவதற்குள், 1970 ஜனவரி 17 அன்று இதே ஊரில் ‘லா ராசா உனீடா’ என்ற கட்சி பிறந்தது. ஏப்ரலில் பள்ளி வாரியத்தில் பெரும்பான்மை. குட்டியெரஸ் வாரியத் தலைவர். பக்கத்து ஊர்களான கோட்டுல்லாவிலும் காரிஸோ ஸ்பிரிங்ஸிலும் வெற்றி. கோட்டுல்லா நினைவிருக்கட்டும்: லிண்டன் ஜான்சன் 1928-ல் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த ஊர் அது. 1965-ல் வாக்குரிமைச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் பேசியபோது அந்தப் பிள்ளைகளைத்தான் நினைவுகூர்ந்தார். வடக்கே 60 கிலோமீட்டரில் யுவால்டி. அங்கே 1970 ஏப்ரலில் ராப் தொடக்கப் பள்ளியின் மெக்சிகோ வம்சாவளி ஆசிரியர் ஒருவரின் ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்ததை எதிர்த்து மாணவர்கள் கிரிஸ்டல் சிட்டியின் வழியில் வெளியேறினார்கள். 2022-ல் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டது அதே ராப் பள்ளியில்.

புதிய வாரியம் செய்தவை பல. இருமொழி வகுப்பு, இலவச உணவு, மெக்சிகோ வம்சாவளி ஆசிரியர்கள். கலிபோர்னியாவில் போராடிய விவசாயத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக, யூனியன் முத்திரையில்லாத லெட்யூஸ் பள்ளிச் சமையலறைக்குள் வரக்கூடாது என்றார்கள். பள்ளி இசைக்குழு மைதானத்தில் ‘ராசா’ என்ற எழுத்துகளாக அணிவகுத்து நின்றது. ஆங்கிலோ குடும்பங்கள் பலர் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு மாற்றினார்கள். 1972-ல் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் ராம்ஸி மூனீஸ் மாநிலம் முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் வாங்கினார். இந்த வெற்றிக்குப் பின்னால் பெண்களின் உழைப்பு அதிகம். 1964-லேயே டெக்சஸ் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட விர்ஹீனியா மூஸ்கிஸ் பிற்பாடு கட்சியின் தேசியத் தலைவரானார். செவெரீட்டா லாரா பின்னாளில் இந்த ஊரின் மேயராகவும் இருந்தார். வடக்கே வயல்களுக்குப் போனவர்களும் அரசியலைக் கூடவே கொண்டுபோனார்கள். விஸ்கான்சினில் 1960-களில் வெள்ளரிக்காய் வயல் கூலிகளுக்குச் சங்கம் கட்டிய ஹெசூஸ் சாலாஸ் கிரிஸ்டல் சிட்டிக்காரர்.

குழாய் மூடிய நாள்

1974-ல் குட்டியெரஸ் மாவட்ட நிர்வாகத் தலைவர் பதவியையும் வென்றார். நிலம் இன்னும் பெரிய பண்ணைக்காரர்களிடம். அதற்கு மாற்றாகக் கூட்டுறவுப் பண்ணை தொடங்க மத்திய அரசின் 15 லட்சம் டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. 1975-ல் குட்டியெரஸ் குழுவோடு கியூபா போய் வந்திருந்தார். யுவால்டியைச் சேர்ந்த பெரும் நிலக்கிழாரான ஆளுநர் டால்ஃப் பிரிஸ்கோ, டெக்சஸில் ஒரு ‘குட்டிக் கியூபா’ உருவாகிறது என்று முழங்கி, அந்த நிதிக்கு எதிராக நின்றார். பண்ணை வரவில்லை.

அடுத்தது எரிவாயு. லோவாக்கா நிறுவனம் ஒப்பந்தத்தில் சொன்ன விலையைப் பல மடங்கு உயர்த்தியது. ஒப்பந்த விலைக்கு மேல் தரமாட்டோம் என்று நகராட்சி வழக்காடியது. நீதிமன்றங்கள் கைவிட்டன. 1977 செப்டம்பரில் முழு ஊருக்கும் எரிவாயு நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயு வளத்துக்குப் பெயர்போன மாநிலத்தில், ஒரு ஊரே மெஸ்கீட் விறகு வெட்டிச் சமைத்தது. வசதியுள்ளவர்கள் சிலிண்டர் வாங்கிக்கொண்டார்கள்.

கட்சிக்குள் பிளவு அதற்கு முன்பே வந்திருந்தது. பதவிகளும் பள்ளி வேலைகளும் யாருக்கு என்பதில் பழைய தோழர்கள் எதிரிகளானார்கள். 1978 தேர்தலோடு கட்சி மாநில அளவில் முடிந்துபோனது. குட்டியெரஸ் 1981-ல் பதவி விலகி ஊரை விட்டுப் போனார். இதைக் காட்டி, இவர்களுக்கு ஆளத் தெரியவில்லை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வரி கட்டும் ஆலையும் நிலமும் எதிர்முகாமில், மாநில அரசு எதிர்முகாமில், கையில் இருப்பதோ பள்ளியும் நகரசபையும் மட்டும். அத்தனை நெருக்கடியில் உள்சண்டை வராத ஊர் எங்கே இருக்கிறது? அவர்கள் கொண்டுவந்த இருமொழிக் கல்வியையும், பிள்ளைகள் பெற்ற பட்டங்களையும் யாரும் திரும்பப் பிடுங்க முடியவில்லை. வாக்குரிமைச் சட்டம் 1975-ல் ஸ்பானிய மொழியினரையும் காக்கும்படி டெக்சஸுக்கு விரிவானதன் பின்னணியில் இப்படிப்பட்ட ஊர்களின் போராட்டம் இருந்தது.

அதே கண்டிப்போடு பிந்தைய காலத்தையும் பார்க்க வேண்டும். 2016 பிப்ரவரியில் மத்தியப் புலனாய்வுத் துறை மேயரையும் நகர மேலாளரையும் நகரசபையினர் சிலரையும் லஞ்ச வழக்கில் கைது செய்தது. எந்த வழக்கிலும் சிக்காத உறுப்பினர் ஒரே ஒருவர். நகர மேலாளரும் மேயரும் பின்னர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதே மாதம், தெளிந்த தண்ணீரால் பெயர் பெற்ற ஊரின் குழாய்களில் கறுப்புத் தண்ணீர் வந்தது. மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்தபோது பல வருட அடிவண்டல் குழாய்க்குள் இறங்கிவிட்டது. ஒன்றே முக்கால் டாலர் கட்டி ஓட்டுரிமை பெற்ற பாட்டன்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நகரசபை செய்தது துரோகம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இன்று ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் மெக்சிகோ வம்சாவளியினர். 1930-ல் இருந்த மக்கள்தொகையைவிட இப்போது சற்றுக் குறைவு. பீறிட்ட கிணறுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அடங்கிவிட்டன. தண்ணீரை ஆழத்திலிருந்து இறைக்க வேண்டும். 2008-க்குப் பிறகு ஈகிள் ஃபோர்ட் பாறையில் எண்ணெய் எடுக்க வந்தவர்கள் அதே காரிஸோ தண்ணீரைப் பாறை பிளக்கப் பயன்படுத்தினார்கள். விலை விழுந்ததும் லாரிகள் குறைந்தன. 2019-ல் டெல் மான்டே இந்த ஆலையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. எழுபது வருடங்களுக்கு மேல் ஊரின் பெரிய முதலாளியாக இருந்த நிறுவனம் அது.

டெக்சஸில் இன்று தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். உறவினர் வந்தால் சான் ஆன்டோனியோவுக்கு அழைத்துப் போய் அலமோ கோட்டையைக் காட்டுகிறார்கள். டெக்சஸின் கதையில் அது ஒரு பாதி. இன்னொரு நாள் காலையில் கிளம்பி, 90-ஆம் நெடுஞ்சாலையில் யுவால்டி வரை போய், அங்கிருந்து 83-ல் தெற்கே திரும்புங்கள். பாப்பாய் சிலையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டாயம் முகாம் நிலத்துக்குப் போய் நினைவுக் கல்லையும் விளக்கப் பலகைகளையும் படியுங்கள், குளத்தின் சுற்றுச்சுவரைப் பாருங்கள், பள்ளியின் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். விசாவும் பச்சை அட்டையும் பற்றி அன்றாடம் கவலைப்படும் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய அமெரிக்க வரலாறு இந்த ஊரில் இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.